மெழுகுதிரியில் ஒட்டிய காசு

இன்று காலை குசினியில் மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி வைத்து, ஒரு சின்னப் பொலித்தீன் பையின் வாயை மடித்து, இரும்பு அறுக்கிற வாளின் உடைந்த அலகு விளிம்பில் பிடித்து நெருப்பில் காட்டி ஒட்டினேன். நிறத் தண்ணீரை ஊற்றி நீ ஐஸ் பக்கட் ஒட்டுவாயே, அதே மாதிரி. உனக்கு அது ஒரே இழுவையில் முடிகிற வேலை. எனக்கோ முதலில் பொத்துப்போனது, பிறகு சுருண்டு கறுத்துப்போனது. பொலித்தீன் கருகும் அந்தப் பொல்லாத மணம் வீடு முழுக்கப் பரவ, அறைக்குள் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்த மகள் கத்தினாள்.

"உம்மா! என்னத்தப் போட்டுப் பத்த வெச்சிருக்கீங்க? மூக்கெல்லாம் எரியிது!"

"ஒண்டுமில்ல மகள். நீ உன்ட வேலயப் பாரு."

பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அதற்குள் என்ன வைத்தேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. உனக்குக் கடைசியில் சொல்கிறேன். நீ போனதற்குப் பிறகு இந்த மணத்தை என் வீட்டுக்குள் நான் வரவிட்டதில்லை. தெருவில் எந்த வாசலிலாவது ஐஸ் பக்கட் ஒட்டினால் மற்றப் பக்கத்தால் நடந்துபோவேன். இன்று நானே கொளுத்தி வைத்தேன். நீ பக்கத்தில் வந்து, "தள்ளுகா, உனக்கு இது சரிவராது" என்று தோளில் இடிக்கிற மாதிரி இருந்தது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

நாங்கள் ஊட்டிக்குப் போகிறோம். ஓம், அதே ஊட்டிதான். சினிமாப் பாட்டில் மரத்துக்குப் பின்னால் புகை புகையாய் வருமே, அது மெய்யான புகையா, இல்லாவிட்டால் ஆரும் பின்னால் குந்தியிருந்து ஊதுகிறார்களா என்று பார்த்துவர வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்ற ஊட்டி. கட்டாரில் இருக்கும் என் மகன் செலவைப் பொறுத்துக்கொண்டான். நானும், மகளும், அவளுடைய வாப்பாவான என் மாப்பிள்ளையும் போகிறோம். சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. கொழும்புக்குப் போகிற பஸ்சை இப்போது இடையில் மறித்து ஆட்களை இறக்குவதில்லை. போன மாதம் விசாவுக்குப் போனபோது, பழைய பழக்கத்தில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி சீட்டின் நுனியில் இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குத் திக்கென்று இருந்தது.

நேற்று மகள் மேசையில் ஒரு கார்ட்டை வைத்தாள். "உம்மா, எல்லாச் சல்லியும் இதுக்குள்ள இரிக்கி. இந்தியாவுல மெசின்ல போட்டா அந்த ஊர்க் காசு வரும். நீங்க ஒண்டும் கட்டிக்கிட்டுத் திரியத் தேவல்ல." வங்கிக் கவுண்டரில் இத்தனை வருஷம் குந்தியவள் நான். இந்தக் கார்ட்டை எத்தனை பேருக்கு என் கையாலேயே கொடுத்திருப்பேன். ஆனாலும், கட்டிக்கிட்டு என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு இருக்க முடியவில்லை. எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, அடியில் கிடந்த என்னுடைய இடுப்புப் பையை எடுத்தேன். நீ தைத்தது. உன் மாப்பிள்ளை உடுத்திப் பழசான மருதமுனைச் சாறனை வெட்டித் தைத்தாயே, பச்சையில் கத்தரிப்பூக் கோடு போட்டது. உனக்கொன்று, எனக்கொன்று.

அந்த நாளை நினைத்துப்பார். சமாதான ஒப்பந்தம் என்று சொல்லி வெடிச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். ஊரெல்லாம் பயணம் போகத் தொடங்கியிருந்தது. நம் ஆட்கள் வெளிநாடு போவதென்றால் ஹஜ்ஜுக்குப் போவார்கள், உம்றாவுக்குப் போவார்கள், சவூதிக்கு வேலைக்குப் போவார்கள், சுகமில்லாவிட்டால் மெட்ராசுக்குப் போவார்கள். நீ சும்மா பார்க்கப் போகிறேன் என்றதும் நம் சாய்ந்தமருது ஊரே வாயைப் பிளந்தது. பக்கத்து வீட்டு மாமி உன்னை வேலியோடு மறித்துக் கேட்டாவே.

"என்ன வருத்தம் புள்ள, மெட்ராசுக்குப் போற அளவுக்கு?"

"வருத்தமில்ல மாமி. பாக்கப் போறம்."

"ஆரப் பாக்க?"

"ஒருத்தரயுமில்ல. மலையப் பாக்க."

"மலையையா? அம்பாறைக்குப் போனா மலை தெரியிதே! பஸ்சுக்குக் கொஞ்சச் சல்லி போதுமே!"

நீ சிரித்த சிரிப்பில் வேலித் தகரம் அதிர்ந்தது. பிள்ளை இல்லாத வீடு என்று ஊர் உன்னைப் பார்த்துப் பெருமூச்சு விடும். நீயோ அந்த வீட்டு வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சிவப்பும் மஞ்சளுமாக ஐஸ் பக்கட் விற்று, ஊட்டிக்குச் சேர்த்தாய். உன் மாப்பிள்ளை வயல் வேலையில் கிடப்பார், உன் உம்மா கால் வழங்காமல் உள் அறையில் படுத்திருப்பா. நீ குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நின்று பாட்டுப் பாடுவாய். உனக்கு வாழத் தெரிந்திருந்ததுகா. கூட்டாளியாய் இருந்தும் எனக்கு அதில் பொறாமை இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

காசை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் நம் இருவருக்கும் சண்டை. நான் வங்கிக்காரி. பயணக் காசோலை எடு என்றேன். தொலைந்தாலும் பயமில்லை, இலக்கத்தைச் சொன்னால் திருப்பித் தருவார்கள் என்றேன். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது அவர்கள் முன்னால் அதே மாதிரி இன்னொரு கையெழுத்து, அவ்வளவுதான் என்று விளக்கினேன்.

"அதே மாதிரியா?" என்றாய். "என்ட கையெழுத்து ஒருக்காப் போட்ட மாதிரி மறுகா வராதுகா. பாஸ்போட்டுக்குப் போட்டதப் பாத்து நானே ஆர்ர கையெழுத்து எண்டு யோசிச்சன். சல்லி என்ட சல்லி. வால் ஒண்டு நீண்டு போச்செண்டு அவன் தரமாட்டானாம். இதென்ன நியாயம்?"

"அப்ப என்னத்தச் செய்யப் போறாய்? தலகணிக்குள்ளயா தைக்கப் போறாய்?"

"இடுப்புல கட்டப் போறன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன விசரா? அபாயாவுக்கு உள்ள இடுப்புல பெல்ட்டக் கட்டிக்கிட்டு சென்றிப் பொயின்ட்டுக்குள்ளால போகப் போறியா? தடவிப் பாக்கிற பொம்புளப் பொலிஸ் குண்டெண்டு கத்தினா மலையையும் பாக்கேலா, ஒண்டையும் பாக்கேலா. வெடி வெச்சிருவானுகள்!"

"ஐஸ் பக்கட் விக்கிறவள் குண்டு கட்டுவாளாகா?" என்று கேட்டுவிட்டு, நீ சிரித்துக்கொண்டே தையல் மெசினில் போய்க் குந்தினாய்.

கடைசியில் உன் பிடிதான் வென்றது. நானே என் கவுண்டரில் உனக்கு டொலர் எடுத்துத் தந்தேன். நீ அதை வியர்வையில் நனையாமல் இருக்க வேண்டும் என்று ஐஸ் பக்கட் பொலித்தீனில் போட்டு, மெழுகுதிரியில் நாலு பக்கமும் ஒட்டினாய். "செலவழிக்கிற நேரம் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "புள்ளையள் ஐஸ் பக்கட்டக் கடிக்கிற மாதிரி மூலையக் கடிச்சி எடுக்கிறதான்" என்றாய். ஊட்டிக் கடைக்காரன் முன்னால் நீ டொலரைக் கடித்துத் துப்புவதை நினைத்து நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஆனால் கட்டியதும் உன் கை சும்மா கிடக்கவில்லை. நடந்தால் இடுப்பைத் தொட்டாய், குந்தினால் தொட்டாய். "இப்பிடித் தொட்டுத் தொட்டுப் பாத்தா கள்ளனுக்குக் கூப்பிட்டுக் காட்டுற மாதிரி. போற வரைக்கும் கட்டிப் பழகு. குளிக்க மட்டும் கழட்டு" என்று ஏசினேன். "அப்ப நீயும் கட்டு" என்றாய். என்னுடைய பையில் தடிப்புக்குப் பழைய பத்திரிகைத் தாளை மடித்து ஒட்டித் தந்தாய். முதலில் இடுப்பைத் தொடுகிறவள் மற்றவளுக்கு ஒரு ஐஸ் பக்கட் கொடுக்க வேண்டும் என்று பந்தயம். நாற்பது தாண்டிய இரண்டு பொம்பிளைகள்! ஹஜ்ஜுப் பெருநாள் முடிய நீயும் உன் மாப்பிள்ளையும் புறப்படுவதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி எழுத எனக்குச் சொல் இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இல்லை. என் வீடு மெயின் ரோட்டுக்கு மேற்கே, உன் வீடு கடலைப் பார்த்த பக்கம். கடல் வருகுது என்று ஆட்கள் ஓடிவந்தபோது நான் முதலில் நம்பவில்லை. கடல் எப்படி வரும்? கடல் அங்கேதானே கிடக்கும்? மகளை இழுத்துக்கொண்டு சம்மாந்துறைப் பக்கம் போன உழவு மெசினில் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் தெருவால் ஆட்கள் அல்ல, ஒரு அலுமாரி வந்துகொண்டிருந்தது.

மறுநாள் உன்னைத் தேடி இறங்கினேன். உன் மாப்பிள்ளை அன்று விடிய வயலுக்குப் போனதால் தப்பியவர். சம்மாந்துறைப் பள்ளிவாசல் ஒன்றில் தூணோடு சாய்ந்து இருந்தார். "எழும்புங்க, போய்த் தேடுவம்" என்றால் என் முகத்தை யாரோ தெரியாத ஆள் மாதிரிப் பார்த்தார். ஆகவே நான் போனேன். ஒரு வளவு நிறைய மையத்துகளைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்த்து இன்னார் என்று ஒருவரையும் சொல்ல முடியவில்லை. பின்னேரத்துக்குள், உரித்தாளர் வராதவர்களை எல்லாம் ஒன்றாக அடக்கப்போகிறோம், வேறு வழியில்லை என்றார்கள். குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பாய்ப்பாயாய்த் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன்னைத் தாண்டியும் போயிருப்பேன். உன்னைப் பார்த்தும் தெரியாமல் தாண்டியிருப்பேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். மையத்துகளைத் தூக்க உதவிக்கொண்டிருந்த ஆமிக்காரர் ஒருவர் துள்ளிப் பின்னால் வந்து, "பெல்ட்! பெல்ட்!" என்று கத்தினார். அவ்வளவுதான், வளவே சிதறி ஓடியது. கடலுக்குத் தப்பிய சனம் அந்தச் சொல்லுக்கு அப்படி ஓடியது. என்னை இடித்துக்கொண்டு ஓடிய ஒரு பொம்பிளையின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னத்தக் கண்ட நீங்க?"

"ஒரு மையத்துட இடுப்புல கட்டிரிக்கி புள்ள! சாறன் துணில! ஓடு!"

சாறன் துணி. எல்லோரும் ஓடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நான் ஓடினேன். ஆமிக்காரர் துவக்கை நீட்டினார். "நில்லு! வராத!" என்றார். நான் நின்றேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? தலையை மூடாமல் வாசலுக்கு வராதவள், அத்தனை பேர் பார்க்க, அபாயாவை இடுப்புக்கு மேலே தூக்கி என் பையைக் காட்டினேன். துவக்கு என் நெஞ்சுக்கு நேரே திரும்பியது.

"இஞ்ச பாருங்க! என்ட இடுப்புலயும் அதான்! குண்டில்ல, சல்லி! ஐஸ் பக்கட் வித்த சல்லி! ஊட்டிக்குப் போற சல்லி!"

அவருக்கு அதில் எது விளங்கியதோ தெரியாது. நான் என் பையை அவிழ்த்து அவர் காலடியில் எறிந்தேன். திறந்துகாட்டச் சொன்னார். உள்ளே இருந்த பொலித்தீனைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். பத்திரிகைத் தாள் விழுந்தது. அவர் மெதுவாகத் துவக்கைத் தாழ்த்தினார். உன் இடுப்பு முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். இடப் பக்கம், இரட்டை முடிச்சு, எப்போதும் போல. அந்த ஆமிக்காரர் உன் பொலித்தீன் உறையை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். உள்ளே டொலர் தாள் தெரிந்தது. இரண்டு கையாலும் அதை என்னிடம் தந்துவிட்டு, அப்படியே மணலில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அல்லாவே, எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. ஒரு ஐஸ் பக்கட்டுக்குப் பயந்து அத்தனை பேர் ஓடினார்களே என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்த வாய் மூடவில்லை, அது எப்போது கதறலாக மாறியது என்று எனக்குத் தெரியாது. ஒரு வயதான உம்மா வந்து என் வாயைக் கையால் மூடினா.

உன்னை உன் பெயரோடு அடக்கினோம். உன் மாப்பிள்ளையை உழவு மெசினில் ஏற்றிக் கொண்டுவந்து ஜனாஸாத் தொழுகையில் நிறுத்தினோம். தலைமாட்டில் அடையாளத்துக்கு மீசான் கட்டை நட்டார். அந்தக் குழியில் போனவர்களுக்கு அதுகூட இல்லை. உன் உம்மா கிடைக்கவே இல்லை.

ஊர் வாயை என்னவென்று சொல்ல? மரண வீட்டிலேயே ஒருத்தி தொடங்கினாள். "ரோட்டுக்கு வந்தவவாம். சல்லி எடுக்கத் திரும்பிப் போனாவாம். சல்லி ஆசதான் புள்ள." நான் எழும்பினேன். "அவட சல்லி அவட இடுப்புல கிடந்திச்சி. நான் அவுத்தன், இந்தக் கையால. சல்லிக்கெண்டு கிறுகிப் போக அவக்கு என்ன தேவ? கால் வழங்காத உம்மாவத் தூக்கப் போனா. இனி ஆராவது இந்தக் கதையக் கதைச்சா வாயக் கிழிச்சிப் போடுவன்!" என்றேன். பிறகு அந்தக் கதை எழும்பவில்லை. உம்மா உம்மா என்று கத்திக்கொண்டு நீ கடல் பக்கம் ஓடக் கண்டவர்களும் பிறகு வந்து சொன்னார்கள்.

சில மாதம் கழித்து உன் மாப்பிள்ளை அந்த உறையை வங்கிக்குக் கொண்டுவந்தார். உன் பெயரில் ஏழைகளுக்கு ஸதக்கா கொடுக்க வேண்டும், மாற்றித் தாருங்கள் என்றார். வேறு கவுண்டருக்குப் போகச் சொல்லியிருக்கலாம், எனக்கு மனம் வரவில்லை. நான் உனக்கு விற்ற தாள்களை நானே திரும்ப வாங்கினேன். கத்தரியால் மூலையை வெட்டியதும் பொலித்தீன் கருகிய மணம் வந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. அத்தனை வீட்டையும் கரைத்த தண்ணீர், உன்னைத் தெரியாமல் ஆக்கிய தண்ணீர், அந்தத் தாள்களைத் தொடவில்லை. புது நோட்டு மாதிரிச் சரசரத்தது. பக்கத்துக் கவுண்டர் பிள்ளை, "என்ன ராத்தா, ஏன் அழுறீங்க?" என்று கேட்டாள். தொலைந்தால் திருப்பித் தருவார்கள் என்று நான் உனக்குக் காசோலையைப் பற்றிச் சொன்ன அதே கதிரையில் குந்தியிருந்தேன், வேறென்ன செய்வேன்?

இப்போது காலையில் நடந்ததன் மிச்சத்தைக் கேள். ஒட்டிய உறையை உன் பச்சைச் சாறன் பைக்குள் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தேன். மகள் உள்ளே வந்துவிட்டாள்.

"இதென்ன உம்மா? சல்லி எல்லாம் கார்ட்ல இரிக்கி எண்டு நேத்தே சொன்னனே!"

பையைப் பறித்து உறையை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். உள்ளே காசு இல்லை. ஒரு வெள்ளைத் துணித் துண்டு. அதில் அழியாத பேனையால் என் பெயர், என் வாப்பாவின் பெயர், ஊர், தெரு, கீழே அவளுடைய போன் நம்பர். வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

"சல்லிக்குக் கார்ட் இரிக்கி மகள்," என்றேன். "இது நான் ஆரெண்டு தெரியிறதுக்கு."

ஏசுவாள் என்று பார்த்தேன். அபசகுனமாகக் கதைக்காதீங்க என்பாள் என்று பார்த்தேன். அவள் என் பக்கத்தில் குந்தி, மிச்சத் துணியை இழுத்தெடுத்து, "எனக்கும் ஒண்டு ஒட்டித் தாங்க உம்மா" என்றாள்.

உழவு மெசினில் என் மடியில் முகத்தைப் புதைத்துக் கிடந்த பிள்ளை. அவளுக்கும் இது தேவைப்படும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவள் பெயரை எழுத என் கை வரவில்லை. பேனையை அவளே வாங்கி எழுதினாள், பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுகிற மாதிரி அழகாக. நம்பர் எழுதுகிற இடத்தில் நிறுத்தினாள்.

"உங்கடதுல என்ட நம்பர எழுதிரிக்கீங்க. நானும் வாப்பாவும் உங்களோடதானே வாறம். மூண்டு பேரும் ஒண்டாப் போறம். ஆர்ர நம்பர எழுதிற?"

யோசிக்கவே இல்லை. என் வாய் தானாக ஒரு நம்பரைச் சொன்னது. அவள் பாதி எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"உம்மா... இது சாச்சிட வீட்டு நம்பரெல்லா?"

ஓம். அவள் சாச்சி என்று கூப்பிடுகிற உன் வீட்டு நம்பர்தான். அந்த வீடும் இல்லை, போனும் இல்லை, கம்பியும் இல்லை. நான் தொலைந்தால் முதலில் தேடி வருகிறவள் நீதான் என்று என் நாக்கு இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் வரமாட்டேனா உன்னைத் தேடி? வந்தேனே. அப்படித்தான் நீயும் வந்திருப்பாய், துவக்குக்கு முன்னால் நின்றிருப்பாய், என்னையும் ஏசியிருப்பாய்.

மகள் அதைக் கோடு போட்டு வெட்டப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வெட்டாத மகள். முழுக்க எழுது. அதுக்குக் கீழ கட்டார்ல இரிக்கிற உன்ட காக்காட நம்பரப் போடு."

அப்படியே எழுதினாள். என்னுடைய உறையையும் வெட்டித் திறந்து, அதிலும் இரண்டு நம்பரையும் எழுதித் தந்தாள். வாசலில் வேன்காரர் ஹோன் அடித்தார். நான் மெழுகுதிரியைத் திரும்பக் கொளுத்தி, பொலித்தீனை மடித்து, வாள் அலகில் பிடித்து நெருப்பில் காட்டினேன். இந்த முறை ஒரே இழுவையில் ஒட்டியது.